வாசமில்லாத தைல மர இலை: புத்தளத்து வீடுகளின் சுவரில் ஒரு வரலாறு

போன பெருநாள் விடுமுறையில் பாலாவியில் சொந்தக்காரர் ஒருவரின் புது வீட்டுக்குக் குடிபுகும் விசேஷம். உம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். முன் ஹோலில் வெள்ளைச் சுவர், சுவரின் நடுவில் வட்டமான ஒரு கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சையில் சின்னச் சின்ன வட்ட இலைகளாலான ஒரு கொடி. இன்ஸ்டாகிராமிலும் டிக்டொக்கிலும் வீட்டலங்கார வீடியோ பார்ப்பவர்களுக்கு அந்த இலையைத் தெரியாமல் இருக்காது. யூக்கலிப்டஸ். கலியாண மேடை, பிறந்தநாள் கேக் மேசை, புதுக் கடைத் திறப்பு என்று இப்போது எங்கே பார்த்தாலும் இதுதான். எல்லாமே பிளாஸ்டிக்.

"இது தைல மரத்து இலை உம்மம்மா" என்று சொன்னோம். அவ கிட்டப் போய் ஒரு இலையை விரலுக்கிடையில் வைத்து நசுக்கி மூக்கில் வைத்துப் பார்த்தா. "வாசமில்லையே. தைல மரத்து இலை நீட்டுக்கெல்லோ இருக்கும்? இது ஆரோ பொய் சொல்லி வித்திருக்கானுகள்" என்றா.

வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பொருளைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டாமல் இருக்க முடியாது. அவுஸ்திரேலியாவில் முளைத்த ஒரு மரத்தின் இலை, பாலாவியில் ஒரு சுவருக்கு எப்படி வந்து சேர்ந்தது? அதற்கு முன்னால் இந்தக் கரையோரத்து வீடுகளில் என்ன தொங்கியது? இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளில் இருந்துதான் தொடங்குகிறது.

வட்ட இலையும் நீட்டு இலையும்

முதலில் உம்மம்மாவுக்கு நீதி செய்ய வேண்டும். அவ சொன்னது பிழையில்லை.

யூக்கலிப்டஸ் என்பது ஒரு மரம் அல்ல, 700க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய ஒரு பேரினம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை அவுஸ்திரேலியாவுக்கே உரியவை. அந்த மண்ணின் ஆதிக்குடிகள் பல்லாயிரம் வருடங்களாக இந்த மரத்தோடு வாழ்ந்தவர்கள். அதன் பட்டையிலும் கட்டையிலும் பாத்திரம் செய்தார்கள், கறையான் அரித்துக் குழாயான கிளையில் டிஜெரிடூ என்ற ஊதுகருவி செய்தார்கள். ஐரோப்பியருக்கு அது புது மரம். கப்டன் குக்கின் மூன்றாவது பயணத்தில், 1777இல் தஸ்மேனியாப் பக்கத்தில் எடுத்த ஒரு மாதிரியை வைத்து, லெரிட்டியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1788இல் அதற்குப் பெயர் வைத்தார். 'நன்றாக மூடப்பட்டது' என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். மொட்டை ஒரு மூடி முழுவதுமாக மூடியிருக்கும், பூ விரியும்போது அந்த மூடி கழன்று விழும்.

பல யூக்கலிப்டஸ் இனங்கள் சின்ன வயதில் ஒரு இலையும் வளர்ந்த பிறகு வேறொரு இலையும் போடும். இளமரத்தின் இலை வட்டமாக, மெழுகு பூசினதுபோல வெள்ளி நிறத்தில், தண்டின் இரண்டு பக்கமும் சோடி சோடியாக இருக்கும். முதிர்ந்த மரத்தின் இலை அரிவாள் மாதிரி நீண்டு தொங்கும். பூக்கடைக்காரர்கள் 'சில்வர் டொலர்' என்று விற்பது இளம் இலையைத்தான். அதனால் இலைக்காக யூக்கலிப்டஸ் பயிரிடுகிறவர்கள் மரத்தை வளரவே விடுவதில்லை. வெட்டி வெட்டிக் குட்டையாகவே வைத்திருப்பார்கள், துளிர்ப்பது எல்லாம் இளம் இலையாகவே இருக்கும். வெட்டிய கொப்பைத் தண்ணீரும் கிளிசரினும் கலந்து வைத்தால் அது கிளிசரினை உறிஞ்சிக்கொண்டு, காய்ந்து நொறுங்காமல் நீண்ட காலத்துக்கு மெதுமையாக இருக்கும். அந்த இலையைப் பார்த்துத்தான் பிளாஸ்டிக்கில் அச்சு வார்க்கிறார்கள்.

வட்ட இலைக்காக விரும்பப்படும் இனங்கள் குளிர் பிரதேசத்துக்கு உரியவை. புத்தளத்து வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அவை தோது இல்லை. எங்கள் பக்கத்தில் நிற்கும் தைல மரம் வேறு இனம், நீட்டு இலைக்காரன். அதை நசுக்கி முகர்ந்து பழகிய ஒருத்தியிடம் வாசமில்லாத வட்ட இலையைக் காட்டி "தைல மரம்" என்று சொன்னால் அவ எப்படி நம்புவா?

வேலைக்காக வந்த மரம்

இந்த மரம் எங்கள் பக்கத்துக்கு அழகுக்காக வரவில்லை, வேலைக்காக வந்தது.

தென்னிந்தியாவில் 1790 வாக்கில் திப்பு சுல்தானின் நந்தி மலைத் தோட்டத்தில் யூக்கலிப்டஸ் நடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. நீலகிரிக்கு 1843இல் கப்டன் கொட்டன் என்ற இராணுவப் பொறியியலாளர் கொண்டுவந்தார். ஊட்டியில் குளிருக்கு எரிக்க விறகு வேண்டும். சோலைக் காடு வெட்டப்பட்டுத் தேய்ந்துகொண்டிருந்தது. வேகமாக வளரும் மரம் என்பதால் யூக்கலிப்டஸ் மலை முழுக்கப் பரவியது. ஊட்டித் தைலம் என்று கடலுக்கு இந்தப் பக்கமும் பெயர் வாங்கிய எண்ணெய், விறகுக்கு வைத்த மரம் தந்த மேல்வரும்படிதான்.

இலங்கையிலும் கதை அதேதான். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டு, சில வருடங்களில் கோப்பி படுத்து, தேயிலை எழுந்தது. தேயிலைக் கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் தொழிற்சாலைக்கு விறகு தேவை. மலைக்காட்டை வெட்டித் தேயிலை போட்டாயிற்று, இனி விறகுக்கு எங்கே போவது? அதற்குத்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூக்கலிப்டஸ் வந்தது. பிறகு ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாக, கம்பமாக, பலகையாக, தளபாடமாக அது பல வேலை பார்த்தது. வளாகத்தில் எங்களோடு படிக்கும் மலையக நண்பர்கள் அதை 'டர்பன்டைன் மரம்' என்கிறார்கள். அவர்களுக்கு அது தோட்டத்து மரம், விறகு மரம். அதன் இலையை ஹோலில் தொங்கவிடுகிறார்கள் என்று சொன்னபோது ஒரு தோழி, "எங்க அப்பாயி பாத்தா அடுப்புல வெச்சிருவாங்க" என்றாள்.

இன்னொரு வேலையும் இந்த மரத்தின் தலையில் கட்டப்பட்டது: காய்ச்சலை விரட்டுவது. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றுத்தான் மலேரியாவைத் தருகிறது என்று நம்பிய காலம் அது. யூக்கலிப்டஸின் கடும் வாசம் அந்தக் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நினைத்தார்கள். அல்ஜீரியாவில் நட்டார்கள். ரோமுக்குப் பக்கத்தில் ட்ரே ஃபொன்டானே மடத்துத் துறவிகள் 1870 வாக்கில் நட்டார்கள். 1897இல் ரொனால்ட் ரொஸ் செகந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் வாசத்துக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்பது தெளிவானது. மரம் ஏதாவது செய்திருந்தால் அது வாசத்தால் அல்ல, தண்ணீரை உறிஞ்சியதால்.

எங்கள் மாவட்டத்துக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1934-35இல் இலங்கையை அடித்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று, சிலாபத்துக்குப் பக்கத்தில் கடலில் கலக்கும் தெதுரு ஓயாவின் பள்ளத்தாக்கு. மழை பொய்த்து ஆறு வற்றி, ஆற்று மணலில் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. சதுப்பு நிலம் அல்ல, வறட்சிதான் அங்கே ஆளைக் கொன்றது. தண்ணீரை உறிஞ்சும் மரத்தை மருந்தென்று நம்பிய காலம் எவ்வளவு தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதற்கு எங்கள் ஆறே சாட்சி.

ஒரு பூந்தோட்டத்தின் பெயர்

மலையகத்துக்கு வந்த யூக்கலிப்டஸ் வறண்ட வலயத்துக்குப் பெருமளவில் வந்தது வெகு பிந்தி. புத்தளம், அநுராதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் முதலில் வனத் திணைக்களம் தேக்கைத்தான் பெரிதாக நட்டது. அதற்குப் பிறகு, முக்கியமாக 1980களில், கமல்டுலென்சிஸ் என்ற யூக்கலிப்டஸ் இனம் இடம்பிடித்தது. வெயிலைத் தாங்கும், ஏழை மண்ணிலும் எழும்பும், மாடு கடிக்காது. விறகு, கம்பம், வேலித் தடி என்று கிராமத்துத் தேவைக்கு உதவும் என்பது கணக்கு.

இந்த இனத்தின் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு ஆற்றங்கரைகளில் வளரும் மரம் இது. ஆனால் அதற்கு அறிவியல் பெயர் வந்தது இத்தாலியில், நேப்பிள்ஸுக்குப் பக்கத்திலுள்ள கமல்டோலி என்ற தோட்டத்தில் இருந்து. அந்தத் தோட்டத்தில் அழகுக்காக வளர்த்த ஒரு மரத்தைப் பார்த்து, அங்கே பொறுப்பாக இருந்த டென்ஹார்ட் என்பவர் 1832இல் அதை வர்ணித்தார். அதாவது எங்கள் மாவட்டத்தில் விறகுக்கும் வேலிக்கும் நிற்கிற மரத்தின் பெயரிலேயே ஒரு பணக்காரரின் பூந்தோட்டம் ஒளிந்திருக்கிறது. ஐரோப்பாவில் அது அலங்காரம், ஆசியாவில் அது கூலி.

இந்த மரத்தின் மேல் வழக்குகளும் நிறைய. தண்ணீரை அதிகம் குடிக்கிறது, கீழே வேறு செடியை வளர விடுவதில்லை என்று மலையகத்தில் ஊற்று வற்றிய கிராமங்கள் சொல்கின்றன. கர்நாடக அரசு 2017இல் புதிதாக யூக்கலிப்டஸ் நடுவதையே தடைசெய்தது. எல்லா இடத்திலும் எல்லா இனமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் கற்பிட்டி போன்ற ஓரிடத்தை யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் மணலுக்குள்ளே மழைநீர் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. எங்கள் கிணறுகள் எல்லாம் அந்தப் படையில்தான் நிற்கின்றன. 'அலங்கார இலைக்கு நல்ல விலை, நாமும் நடலாம்' என்று யாராவது வந்தால், முதலில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்ல வேண்டும்.

எங்கள் மரம் யார் வீட்டில்?

அலங்காரத்துக்கு மரம் கடல் கடப்பது புதிதல்ல. முந்தி அது எதிர்த் திசையில் போனது.

கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கினார்கள். அதே ஒல்லாந்தரின் வீட்டுச் சாமான்களைக் கொழும்பு புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் கால அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்: கருங்காலியில் கடைந்த கதிரை, முதிரையில் செய்த அலுமாரி, கலமந்தர் பலகை இழைத்த பெட்டி. கலமந்தர் ஈரவலயத்து மரம், இன்று காட்டில் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை. கருங்காலியும் முதிரையும் எங்கள் பக்கத்து வறண்ட காட்டு மரங்கள். வில்பத்துக் காட்டில் பாலையோடும் வீரையோடும் இன்றும் நிற்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் முதிரை எவ்வளவு தாராளமாக வெட்டப்பட்டது என்பதற்கு ஓர் அளவு வேண்டுமென்றால், பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833இல் முழுக்க முதிரையாலேயே ஒரு பாலம் கட்டினார்கள். 1905இல் அதைக் கழற்றிவிட்டு இரும்புப் பாலம் போட்டார்கள்.

அந்த மரங்களை வெட்டி இழுத்துச் சுமந்த சனத்தின் வீட்டில் என்ன இருந்தது? கிடுகு இருந்தது, பாய் இருந்தது, குருத்தோலை இருந்தது. புத்தளத்துக் கரை முழுவதும் தென்னையின் கரை. உடப்புத் திரௌபதை அம்மன் திருவிழாவானாலும், முன்னேஸ்வரமானாலும், தலவில அன்னம்மாள் திருநாளானாலும், முஸ்லிம் வீட்டுக் கலியாணப் பந்தலானாலும் குருத்தோலைத் தோரணம் பொது. மதம் மாறும், ஓலையைக் கிழித்து மடிக்கும் கை மாறாது. இரண்டு நாளில் வாடும், மூன்றாம் நாள் அடுப்புக்குப் போகும். வாடுவதை யாரும் குறையாக நினைக்கவில்லை. அடுத்த விசேஷத்துக்குப் புது ஓலை, அதைக் கட்ட அயலவர் திரும்பவும் வருவார்கள். அலங்காரம் என்பது ஒரு பொருளாக இல்லாமல், பத்துப் பேர் கூடியிருந்து செய்யும் ஒரு வேலையாக இருந்தது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் 'அந்தக் காலம் பொன்னான காலம், பிளாஸ்டிக் ஒழிக' என்று முடித்திருப்போம். உண்மையில் அப்படித்தான் முடிக்க இருந்தோம். எழுதியதை உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டியதுதான் வினை.

கொண்டுபோகக்கூடிய இலை

உம்மம்மா மன்னார் மாவட்டம் முசலிப் பக்கத்து ஆள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரைச் சொந்த மண்ணை விட்டு வெளியேற்றினார்கள். மன்னாரில் இருந்து பலர் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். இங்கே கிடைத்தது கிடுகுக் கொட்டில். இரண்டு மூன்று மாதம் என்று நினைத்து வந்தவர்கள், வருடக்கணக்காக அதில் இருந்தார்கள்.

"கொட்டிலுக்குள்ள என்ன அலங்காரம் இருந்தது உம்மம்மா?" என்று கேட்டோம்.

"இல்லாம? முதல் பெருநாளைக்கே என்ட சீலைய உள்பக்கமாச் சுத்திக் கட்டினன். கிடுகு தெரியக் கூடாதெண்டு. கடதாசி வெட்டி ஒட்டினம். மக்காப் படம் போட்ட கலண்டர் ஒண்டு ஆரோ தந்தாங்க, அது வருஷம் முடிஞ்சும் கழட்டல்ல."

"கம்பெல்லாம் என்ன மரம்?"

"எந்த மரத்துக் கம்பெண்டு ஆரு மகள் பாத்தது? நிண்டாப் போதும்."

பிறகு அவ சொன்னதுதான் எங்களை நிறுத்தியது. "நீங்க பிளாஸ்டிக் இலையக் கண்டா சிரிக்கிறீங்க. எனக்கு அது பிழையில்ல. தண்ணி ஊத்தத் தேவையில்ல, வாடாது, எழும்பிப் போகச் சொன்னா சுருட்டிப் பையில வெச்சிட்டுப் போகலாம். ஊர்ல நான் வெச்ச மல்லிகையும் மாதுளையும் என்னோட வந்ததா?"

குருத்தோலை வாடுவது அழகு என்று எழுதினோமே, அது நாளைக்கும் அதே முற்றத்தில் இருப்போம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களின் அழகு. அயலவர் வந்து பந்தல் போடுவதற்கு அயல் இருக்க வேண்டும். தென்னை யாருடையது, அதில் ஓலை வெட்ட யாரிடம் கேட்க வேண்டும் என்பதுகூட வந்தேறியாகப் பார்க்கப்பட்ட குடும்பங்களுக்கு ஒரு கேள்வியாகத்தான் இருந்திருக்கும். இதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

போர் முடிந்து உம்மம்மா ஊரைப் பார்க்கப் போனபோது வீடு இருந்த இடத்தில் மரம் நின்றது. இருபது வருடத்துக்கு மேல் ஆளில்லாத காணியில் காடு எழும்பாமல் என்ன செய்யும்? அத்திவாரக் கல்லை வைத்துத்தான் குசினி எது, ஹோல் எது என்று கண்டுபிடித்தார்களாம். அந்தப் பக்கத்துக் காணிகள் பலவற்றை 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானி அறிவித்தல்கள் ஒதுக்கக் காடாக்கின. மீளக் குடியேறப் போனவர்கள் காடழிப்பவர்கள் என்று பேசப்பட்டார்கள். காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை, வில்பத்து எங்களுக்கும் உயிர். ஆனால் ஒரு மரம் நிற்கிறது என்பதை மட்டும் வைத்து அந்த இடத்தின் வரலாற்றை எழுதிவிட முடியாது. அந்த மரத்துக்குக் கீழே ஒரு குசினி இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

சுவரைப் பார்த்தல்

முதிரை இங்கிருந்து பிறர் வீட்டுக்குப் போனது. யூக்கலிப்டஸ் பிறர் தேவைக்காக இங்கே வந்தது. இப்போது அதன் இலை மட்டும், வேரும் வாசமும் தண்ணீரும் இல்லாமல், தொழிற்சாலையில் இருந்து எங்கள் சுவருக்கு வந்திருக்கிறது. பிளாஸ்டிக் குப்பை களப்புக்குள் போவதைப் பார்க்கும் ஊர்க்காரர்களாக அதை நாங்கள் கொண்டாட மாட்டோம். குருத்தோலை மடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருவது எங்களுக்குக் கவலைதான், அதை நாங்களே பழக வேண்டும் என்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கண்ணாடியைச் சுற்றி அதைக் கட்டிய கையைப் பார்த்து இனிச் சிரிக்க மாட்டோம். கிடுகை மறைக்கச் சீலை கட்டின கையும் அதுவும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன: இது என்ட வீடு என்று சொல்வது.

வளாகத்துக்குத் திரும்புவதற்கு முதல், வீதியோரத்தில் நின்ற ஒரு தைல மரத்தில் இருந்து நாலைந்து கொப்பு ஒடித்துக்கொண்டு வந்து உம்மம்மாவுக்குக் கொடுத்தோம். போத்தலில் வைத்து மேசைக்கு அழகு பார்க்கலாம் என்று எங்கள் எண்ணம். அவ ஒரு இலையை நசுக்கி முகர்ந்து, "ஆ, இதுதான்" என்றா. பிறகு கொப்பு முழுவதையும் உருவி, கொதிக்கிற தண்ணிப் பானைக்குள் போட்டுவிட்டு, தலையில் போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு வேது பிடிக்க உட்கார்ந்துவிட்டா. ரெண்டு நாளாகத் தடிமனாம்.

உங்கள் வீட்டுச் சுவரில் இப்போது என்ன தொங்குகிறது? அதற்கு முன்னால் என்ன தொங்கியது? வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒருமுறை கேட்டு எழுதி வையுங்கள். எங்களைப்போல முடிவை முதலிலேயே எழுதிவிட்டுப் போய்க் கேட்காதீர்கள்.